முள் விரிந்த பழம்

பண்ருட்டிச் சாலையோரத்தில் பலாப்பழம் விற்கிறவர் பழத்தை அறுத்துப் பார்த்து விலை சொல்வதில்லை. மேலே ஒரு பார்வை, விரலால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். முள்ளுக்கு முள் இடம் விட்டு விரிந்திருந்தால் உள்ளே சுளை பருத்துத் தோலைத் தள்ளியிருக்கிறது. முள் நெருக்கமாகக் கூர்மையாக நின்றால் இன்னும் நாளாகும். வெளித்தோலை அவர் அலங்காரமாகப் பார்ப்பதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்தத் தோல்தான் அவருக்குச் சொல்கிறது.

அங்கிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் நெய்வேலி. அந்த ஊர் டவுன்ஷிப்பின் ஏதோ ஒரு வட்டத்தில், மர நிழலில், புத்தம் புதிய பிஎம்டபிள்யூ எம்340ஐ ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு கதவு, பின்னால் டிக்கி, குடும்பத்தோடு போகக்கூடிய செடான். ஆனால் பானெட்டுக்குள் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ என்ஜின். 2021 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது 387 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் தொட 4.4 விநாடி, ஷோரூம் விலை 62.90 லட்சம் ரூபாய். இது கப்பலில் முழுசாக வந்து இறங்கிய வண்டியும் இல்லை. பாகங்களாக வந்து, செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் ஒன்றுசேர்ந்தது. ஆக, தமிழ்நாட்டுக் கைகள் பூட்டிய வேக செடான்.

வண்டியைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். முதல் கேள்வி விலை, இரண்டாவது லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது. மூன்றாவதாக ஒருவர் முன்னால் போய் நின்று, "மூஞ்சி நல்லாயிருக்கு" என்பார். இன்னொருவர், "பழைய மாடல்தாண்ணே அழகு" என்பார். அழகு பற்றிய பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பலாக்காரர் செய்கிற மாதிரி தோலைப் படிக்க யாரும் முயல்வதில்லை. அவரவர் ரசனை என்று விட்டுவிடுகிறார்கள். ரசனை ஒரு பங்குதான். மீதிப் பங்கை அளந்தே சொல்ல முடியும்.

இப்படி அளந்து பார்க்க நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் அது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளியே தெரிவதற்கு முன்பே, மேல்மண்ணை வெட்டி எடுக்க ஜெர்மானியப் பக்கெட் வீல் இயந்திரங்கள் இங்கே இறங்கிவிட்டன. பெரிய இயந்திரங்களில் ஒரு வாளி மட்டும் 1,400 லிட்டர் கொள்ளும். அதை வடிவமைத்தவர் யாரும் அழகு பார்க்கவில்லை. நீண்ட கையின் நுனியில் சக்கரம் இருப்பதால் பின்னால் எதிர்ப்பாரம் வேண்டியிருக்கிறது. எடை மண்ணில் புதையாமலிருக்க அகலப் பட்டைச் சங்கிலிகள் வேண்டியிருக்கின்றன. மேல்மண்ணிலுள்ள கடலூர் மணற்கல் வாளியின் பல்லைத் தேய்த்துத் தள்ளுவதால், பல் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் சாயங்கால வெளிச்சத்தில் சுரங்க விளிம்பிலிருந்து அதைப் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்த உருவத்தில் பொய் கிடையாது.

ஸ்போர்ட்ஸ் செடானுக்கு அந்தச் சலுகை இல்லை. ரேஸ் காரைப்போல வேகத்துக்காக மட்டும் உடம்பை வளைக்க முடியாது. பின் இருக்கையில் பெரியவர்கள் தலை இடிக்காமல் உட்கார வேண்டும், டிக்கியில் பெட்டி போக வேண்டும். அதே சமயம் பக்கத்து வீட்டு செடானிலிருந்து வேறுபட்டுத் தெரியவும் வேண்டும். எவ்வளவு வேறுபட வேண்டும் என்பதில்தான் காலத்துக்குக் காலம் மனம் மாறியிருக்கிறது. 1985-இல் பிஎம்டபிள்யூவின் முதல் எம்5 வந்தபோது 286 குதிரைத்திறன் என்ஜினைச் சாதாரண ஐந்தாம் வரிசை உடம்புக்குள் ஏறக்குறைய ஒளித்துவைத்தார்கள். தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும். 2024 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த எம்5-க்கு 727 குதிரைத்திறன். சாதாரண ஐந்தாம் வரிசையைவிட முன்பக்கம் 75 மில்லிமீட்டர், பின்பக்கம் 48 மில்லிமீட்டர் அகலம் கூட்டிய மட்கார்டுகள். தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். எம்340ஐ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மதிப்பிட அதுவே தோதான வண்டி.

மூஞ்சியிலிருந்து தொடங்கக் கூடாது என்பது முதல் விதி. மனிதக் கண் முகத்தைத் தேடும், இரண்டு விளக்கும் ஒரு வாயும் கிடைத்ததும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் பத்தடி பதினைந்தடி தள்ளி நின்று, கொஞ்சம் கண்ணைச் சுருக்கி, விவரங்கள் மங்கட்டும் என்று பார்க்க வேண்டும். அப்போது மிஞ்சுவது அளவு விகிதம் ஒன்றுதான். பெயின்ட்டையும் விளக்கையும் சக்கரத்தையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். விகிதத்தை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது.

நெய்வேலி 16-வது வட்டத்துக் கோயிலில் பத்தடி உயர ஐம்பொன் நடராசர் இருக்கிறார். அவ்வளவு பெரிய உருவம் பருமனாகத் தோன்றாமல் ஆடுவதுபோல நிற்பதற்குக் காரணம் தாலக் கணக்கு. முகத்தின் நீளத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் அதன் மடங்குகளாக ஸ்தபதி பகுப்பார். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், குட்டையான பிள்ளையாருக்கு ஐந்து. கார் வடிவமைப்பாளர்களிடமும் இப்படியொரு தாலம் உண்டு. அவர்களுடைய அலகு முகமில்லை, சக்கரம். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் குறுக்களவு ஒன்று என்றால், வண்டியின் உயரம் இரண்டு மடங்கை ஒட்டி இருக்க வேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று சக்கரம் கொள்ள வேண்டும். பழைய வரைபடப் பழக்கத்தில் வந்த கணக்கு இது, சட்டமில்லை. ஆனால் இதைவிட்டு மிகவும் விலகினால் வண்டி பொம்மைபோலவோ பெட்டிபோலவோ தெரிய ஆரம்பிக்கும்.

எம்340ஐ-யின் டயர் குறுக்களவு சுமார் 660 மில்லிமீட்டர். கூரை உயரம் அதைப்போல 2.2 மடங்கு. பக்கத்தில் ஒப்பிட ஒரு வண்டி வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டாம், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற ஹூண்டாய் வெர்னா போதும். 2023 மார்ச்சில் வந்த புது வெர்னாவின் டர்போ மாடலுக்கு 160 குதிரைத்திறன். எட்டுகிற விலையில் கிடைக்கிற வேக செடான் என்றால் அதுவும் ஒன்று. 16 அங்குலச் சக்கரத்தில் அதன் உயரம் 2.3 மடங்கு வரும். ஒரு புள்ளி வித்தியாசம்தான். அந்த ஒரு புள்ளிதான் ஒன்றைத் தரையோடு படுக்கவைக்கிறது, மற்றதை நிமிர்ந்து உட்காரவைக்கிறது.

இதைவிடச் சுவையான கணக்கு ஒன்று உண்டு. 2021-இல் வந்த எம்340ஐ-யின் நீளம் 4,709 மில்லிமீட்டர், 2023-இல் வந்த வெர்னா 4,535. வித்தியாசம் 174 மில்லிமீட்டர். இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையிலான தூரம் முன்னதில் 2,851, பின்னதில் 2,670. அங்கே வித்தியாசம் 181. அதாவது ஜெர்மன் வண்டியில் கூடுதலாக இருக்கிற நீளம் முழுவதும், அதற்கு மேலும் கொஞ்சமும், சக்கரங்களுக்கு நடுவில் போயிருக்கிறது. மூக்கும் வாலும் நீளவே இல்லை. பாய்வதற்கு முன் காலை அகட்டிக்கொண்டு நிற்கிற காளைபோல அது தெரிவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து முன்சக்கரத்துக்கும் முன்கதவுக்கும் நடுவிலுள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். வெர்னாவில் என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அதனால் சக்கரம் கதவை ஒட்டி வந்துவிடும், மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எம்340ஐ-யில் ஆறு சிலிண்டரும் நேர்கோட்டில், நீளவாட்டில் கிடக்கின்றன. அவ்வளவு நீள என்ஜினை வைக்கச் சக்கரத்தை முன்னே தள்ளியாக வேண்டும். சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் வெற்றிடம் தெரியும். பார்ப்பவருக்குப் பொறியியல் தெரியாமலிருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பலாவின் முள் விரிகிற இடம் இதுதான். வெர்னா இதில் தோற்றது என்று சொல்வது நியாயமில்லை. பானெட்டின் கீழ் இடத்தை மிச்சம் பிடித்து, பின்னால் காலை நீட்டி உட்கார இடம் கொடுத்திருக்கிறது. குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறவருக்கு எது பெரிது என்பது அவர் வீட்டு விஷயம்.

பக்கவாட்டிலேயே இன்னொன்று. பின்பக்க ஜன்னலின் கீழ் மூலை திடீரென்று முன்பக்கமாக மடங்கித் திரும்பும். 1961 முதல் பிஎம்டபிள்யூ கார்களில் வருகிற மடிப்பு, அப்போதைய வடிவமைப்புத் தலைவர் வில்ஹெல்ம் ஹோப்மைஸ்டரின் பெயரால் அழைக்கப்படுவது. பின்சக்கரத்தின் மேல் எடை இருப்பதுபோல ஒரு தோற்றத்தை அது தருகிறது. விரல் நீள மடிப்புக்கு அறுபது ஆண்டு ஆயுள். இந்தத் தலைமுறையில் அதைக் கண்ணாடி ஓரத்திலிருந்து பின்தூணுக்குள் தள்ளிவிட்டார்கள். பழைய கூர்மை போய்விட்டது என்றுதான் படுகிறது.

மேற்பரப்பைப் படிக்க வடிவமைப்பாளரைத் தேட வேண்டியதில்லை. எந்த ஊரிலும் டிங்கரிங் பட்டறை மேஸ்திரி போதும். அடிபட்ட கதவைத் தட்டி எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்த பிறகு அவர் நேராக நின்று பார்ப்பதில்லை. ஒரு ஓரமாகக் குனிந்து, கன்னத்தைத் தகரத்தோடு ஒட்டுகிற மாதிரி வைத்து, ட்யூப்லைட்டின் பிம்பம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். பிம்பம் நெளிந்தால் தகரம் நெளிந்திருக்கிறது. மியூனிக்கிலும் டூரினிலும் களிமண் மாதிரிகளின் மேல் வரிசை விளக்குகளை வைத்துப் பார்க்கிறார்களே, அதுவும் இதே வேலைதான். நல்ல உடம்பில் ஒளிக்கோடு முன் மட்கார்டில் பிறந்து, கதவுகளைத் தாண்டி, பின்விளக்கில் போய் அடங்கும். நடுவில் உடையக் கூடாது.

எம்340ஐ-யின் பக்கங்களில் மடிப்புக் கோடுகள் இருக்கின்றன, ஆனால் அடக்கமாக இருக்கின்றன. வெர்னாவின் கதவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சாய்கின்றன. வெயிலில் முக்கோணம் முக்கோணமாக ஒளி தெறிக்கிறது. முதல் நாள் பார்க்கையில் வெர்னாதான் அதிகம் ஈர்க்கும். ஐந்தாவது வருடம் எது கண்ணுக்கு அலுக்கும் என்பதையும் மதிப்பிடுகிறவர் கணக்கில் வைக்க வேண்டும். பார்க்கிற நேரமும் முக்கியம். உச்சிவெயிலில் எந்தக் காரும் தட்டையாகத்தான் தெரியும். நம் ஊரில் அதிகம் விற்கிற வெள்ளை நிறத்தில் பாதி வளைவுகள் காணாமலே போய்விடும். சாயங்காலம் ஐந்தரை மணிக்குமேல், வெயில் பக்கவாட்டில் விழும்போது, அடர்நிற வண்டி ஒன்றைப் பார்க்க வேண்டும். மேல்தூசியைத் துடைத்துவிட்டுத்தான். நெய்வேலியில் அது தினசரி வேலை.

இனி மூஞ்சிக்கு வரலாம்.

பிஎம்டபிள்யூவின் முன்பக்கத்தில் சிறுநீரகம்போல இரட்டைக் கிரில் வைக்கும் பழக்கம் 1933-இல் தொடங்கியது. என்ஜினுக்குக் காற்று வேண்டும், ரேடியேட்டர் நிமிர்ந்து நின்றது, துளையும் உயரமாக இருந்தது. பிறகு வண்டிகள் தாழ, கிரிலும் சுருங்கியது. 2020 செப்டம்பரில் புதிய எம்3-உம் எம்4-உம் வெளியானபோது, அந்தக் கிரில் நெற்றியிலிருந்து தாடைவரை நீண்டுவிட்டது. உலகம் முழுக்கக் கூச்சல். முன்பல் நீண்ட எலி என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். இதற்கு முன்பும் ஒரு முறை இப்படி நடந்திருக்கிறது. 2001-இல் கிறிஸ் பேங்கிள் தலைமையில் வந்த ஏழாம் வரிசை காரின் டிக்கி, மேலே தனியாக ஒரு மூடி வைத்தாற்போல் இருந்ததைப் பார்த்து, அவரை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். கார் நன்றாகவே விற்றது. சில வருடங்களில் மற்ற நிறுவனங்களின் டிக்கியிலும் அதே மேடு எட்டிப்பார்த்தது.

பழகினால் எதுவும் அழகாகிவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. பேங்கிளின் டிக்கிக்கு ஒரு வேலை இருந்தது. உயரமான டிக்கி உள்ளே இடத்தைக் கூட்டியது. 2020 கிரிலுக்கும் குளிர்ச்சி என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஆனால் குளிர்ச்சிக்கு அத்தனை உயரமும் சட்டமிட்ட பல்வரிசையும் எதற்கு என்ற கேள்வி தீரவில்லை. எம்340ஐ அந்தத் தொந்தரவுக்கு ஆளாகவில்லை. அதன் கிரில் அகலமாக, அடக்கமான அளவில் இருக்கிறது. நிமிர்ந்த கம்பிகளுக்குப் பதில் வலைபோன்ற முத்துக்கண்கள். நம் ஊர் நீளமான நம்பர் பிளேட்டை மாட்டிய பிறகும் முகம் கெடாமல் நிற்கிறது. கார் விமர்சனப் படங்களில் நம்பர் பிளேட் இருக்காது. தெருவில் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் மார்க் போட வேண்டும்.

பம்பர் ஓரங்களிலும் பின்பக்கத்திலும் தெரிகிற ஓட்டைகள் ஓட்டைகள்தானா என்று விரலை விட்டுப் பார்ப்பது தவறில்லை. காற்று போகாத, கருப்பு பிளாஸ்டிக்கால் அடைத்த போலி ஓட்டைகள் இந்தக் காலத்து நோய். 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஓட்டுவதற்கு அருமையான வண்டி என்று பெயர் வாங்கியது, போலி வலைகளுக்காகக் கேலியும் வாங்கியது. 2022-இல் அடுத்த தலைமுறை வந்தபோது அவற்றை நீக்கிவிட்டார்கள். அதற்காகவே பாராட்டினார்கள். எம்340ஐ-யின் டிக்கி விளிம்பில் இருக்கும் உதடு சிறியதென்றாலும் உண்மையாகவே உழைக்கிறது. கூரையில் வழிந்து வரும் காற்றை அங்கே சட்டென்று அறுத்துவிடுவதால், வேகத்தில் பின்பக்கம் மேலே எழும்புவது குறைகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். டவுன்ஷிப்பின் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த உதடு சும்மா இருக்கும். அங்கே பேச்சு வாங்குவது முன்னால் தாழ்ந்து நிற்கிற இன்னோர் உதடு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும்.

தோலும் சுளையும் பொருந்தாமல் போன கதையும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. அதுவும் எம்340ஐ பூட்டப்படும் ஆலைக்குப் போகிற அதே ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில்.

இங்கிலாந்தில் 1976-இல் ரோவர் எஸ்டி1 வந்தது. டேவிட் பாச் வடிவமைத்தது. பெராரி டேடோனாவைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர் என்பது காரின் பக்கவாட்டில் ஓடும் ஒரே பள்ளக்கோட்டில் தெரியும். முன்னால் கிரிலே கிடையாது. ஒடுக்கமான விளக்குகள், நடுவில் சின்னம், காற்று பம்பருக்கு அடியிலிருந்து. கண்டிப்பாகப் பார்த்தால் அது செடான் இல்லை, பின்கதவு முழுசாகத் தூக்கும் வகை. ஆனால் குடும்பக் காருக்கு ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பைப் போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அது பாடப்புத்தகம். உள்ளே 3.5 லிட்டர் வி8, 155 குதிரைத்திறன். 1977-இன் சிறந்த ஐரோப்பியக் கார் விருது கிடைத்தது. இங்கிலாந்துப் போலீசார் நெடுஞ்சாலையில் அதை வைத்துத் துரத்தினார்கள்.

அந்த உடம்பு 1985-இல் பெருங்களத்தூருக்கு வந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடவிட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், அதை ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் செய்தது. ஹெரால்டும் அழகிய வண்டிதான், இத்தாலிய மிகெலோட்டியின் கைவண்ணம். அது தன்னை வேகக்காரன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 2000 சொல்லிக்கொண்டது. வி8 இருக்க வேண்டிய இடத்தில் பழைய வான்கார்டு காலத்து வம்சாவளி நான்கு சிலிண்டர் என்ஜின், 1,991 சிசி, சுமார் 83 குதிரைத்திறன். நம் சாலைக் குழிகளுக்காக உடம்பைத் தூக்கிவைத்தார்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. தரையோடு படுத்திருக்க வேண்டிய வண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் தாண்டுகிறவர்போல நின்றது. தாலக் கணக்கு தவறியது. புகைப்படத்தில் பார்த்து மயங்கியவர்கள் ஓட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள். 1988-இல் தயாரிப்பு நின்றது.

அந்த ஆலை இருந்த இடத்திலிருந்து அதே சாலையில் தெற்கே போனால், மறைமலைநகரைத் தாண்டி, எம்340ஐ பூட்டப்படும் ஆலை. இங்கிலாந்துத் தோலுக்குள் பொருந்தாத என்ஜின் அங்கே ஓய்ந்தது. இங்கே தோலும் என்ஜினும் ஒன்றாகவே பெட்டி பிரிக்கப்படுகின்றன.

இப்போதைய குழப்பம் வேறு. எம்340ஐ சேர்ந்திருக்கிற மூன்றாம் வரிசையின் சாதாரண மாடல்களிலும் எம் ஸ்போர்ட் என்ற அலங்காரத் தொகுப்போடு பம்பரும் சக்கரமும் வருகின்றன. ஐரோப்பாவில் வேகமான காரை வாங்கி, பின்பக்க எழுத்தை வேண்டாம் என்று சொல்லி வாங்குகிறவர்கள் உண்டு. நம் பக்கம் 320 மாடலை வாங்கி, எம் எழுத்தைக் கடையில் வாங்கி ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆகவே நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் அப்படி ஒன்று வந்து நின்றால் எழுத்தைப் படிக்க வேண்டாம். கிரிலில் கம்பியா வலையா என்று பார்க்கலாம். பின்னால் போய்ப் புகைக்குழாய் வாய் வட்டமா, பட்டை பட்டையாகச் சரிவகமா என்று பார்க்கலாம். பிறகு குனிந்து, சக்கரக் கம்பிகளுக்கு இடையில் பிரேக் தட்டின் அளவைப் பார்க்கலாம். அவ்வளவு வேகத்தை நிறுத்த எவ்வளவு பெரிய தட்டு வேண்டுமோ அவ்வளவு பெரியதாக அது இருக்கும். கடையில் வாங்கி ஒட்ட முடியாத முள் அது.